அப்பியாசக் கொப்பியில் 11 சாட்டுகள்

 

மூன்று வருடங்களுக்கு முன்பு என் உம்மாவின் வலது காலின் சிறுவிரலை எடுத்துவிட்டார்கள். செருப்பு உரசியதால் வந்த ஒரு சின்னப் புண்தான் காரணம். அது வந்ததே உம்மாவுக்குத் தெரியாது. சீனி வருத்தம் பல வருடங்களாக இருந்தால் பாதத்தின் நரம்புகள் மரத்துப்போய்விடும். முள் குத்தினாலும் தெரியாது, கொதிதண்ணீர் பட்டாலும் தெரியாது. நிலத்தில் கறை கண்டு, "இது எங்கிருந்து வந்தது?" என்று வீட்டில் எல்லோரும் தேடிய பிறகுதான் உம்மாவின் காலைப் பார்த்தோம். அப்போது விரல் கறுத்திருந்தது.

ஆஸ்பத்திரியில் உம்மாவுக்குத் துணையாக நின்ற அந்தக் கிழமையில், "டீச்சர், வந்ததோட வந்தது, நீங்களும் ஒருக்கா இரத்தம் சோதிச்சுப் பாருங்களேன்" என்று ஒரு தாதி சொன்னார். வெறும் வயிற்றில் எடுத்த அளவு 118 என்று வந்தது. 100க்குக் கீழே இருந்தால் நல்லது, 126ஐத் தொட்டால் நீரிழிவு. இரண்டுக்கும் நடுவில் நின்றேன். வைத்தியர் மருந்து எதுவும் எழுதவில்லை. "தினமும் 30 நிமிடம் வேகமாக நடவுங்கள், ஆறு மாதத்தில் வந்து காட்டுங்கள்" என்றார். அவ்வளவுதான்.

நான் விஞ்ஞானம் படிப்பிக்கிறவள். தசை எப்படிச் சுருங்குகிறது, குளுக்கோசு எங்கே போகிறது, இன்சுலின் என்ன செய்கிறது என்று வருடா வருடம் கரும்பலகையில் வரைந்து காட்டுகிறவள். உம்மாவின் விரல் போனதைக் கண்ணால் கண்டவள். அப்படியிருந்தும் ஐந்து மாதங்கள் ஒரு நாள்கூட நடக்கவில்லை. வைத்தியரிடம் திரும்பிப் போகும் நாள் நெருங்கியபோது வெட்கம் வந்தது. ஒரு நாள் இரவு, இஷாவுக்குப் பிறகு, மகளின் பழைய அப்பியாசக் கொப்பி ஒன்றை எடுத்து, ஏன் நடக்கவில்லை என்று எனக்கு நானே சொல்லிவந்த காரணங்களை ஒன்றும் விடாமல் எழுதினேன். (உடற்பயிற்சிக்கு நம் பெரியவர்கள் தேகாப்பியாசம் என்றுதான் சொல்வார்கள். தேகாப்பியாசம் செய்யாததற்கான சாட்டுகளை அப்பியாசக் கொப்பியில் எழுதியதை நினைத்துப் பிறகு சிரித்துக்கொண்டேன்.)

11 சாட்டுகள் வந்தன. நேரமில்லை. வீட்டு வேலையே போதும். ஐந்து வேளை தொழுகிறோமே, அதுவும் பயிற்சிதானே. வெயில். மழை. ஆட்கள் என்ன சொல்வார்கள். நடக்க இடமில்லை. தனியே போகப் பயம். முழங்கால் வலிக்கிறது. முன்பு ஒரு மாதம் நடந்து பார்த்தும் நிறை குறையவில்லை. நோன்பு முடியட்டும், பெருநாளுக்குப் பிறகு தொடங்கலாம்.

எழுதி முடித்துத் திரும்ப வாசித்தபோது ஒன்று புரிந்தது. இவற்றில் ஒன்றுகூட முழுப் பொய் இல்லை. வெயில் மெய், முழங்கால் வலியும் மெய். சாட்டு என்பது பெரும்பாலும் பொய்யாக இருப்பதில்லை. ஓர் உண்மையான தடையை எடுத்து, அதற்கு மேல் வழியே இல்லை என்று நாம் முடித்துவிடுகிறோம். ஆகவே ஒவ்வொன்றின் பக்கத்திலும் ஒரு கேள்வியை எழுதினேன்: இதன் சாவி யாரிடம் இருக்கிறது? ஏழு சாட்டுகளுக்கு என்னிடமே இருந்தது. மற்ற நான்குக்கு என்னிடம் மட்டும் இல்லை. அந்த நான்கைப் பற்றித்தான் பெற்றோரோடு பேச வேண்டும். முதலில் என்னுடைய ஏழையும் சொல்லிவிடுகிறேன்.

அதற்கு முன்பு என் மூத்தாப்பாவின் கதை. அவர் வெள்ளைக்காரன் காலத்தில் திருகோணமலைக் கடற்படைத் துறையில் கூலியாக வேலை செய்தவர். 1957இல் பிரித்தானியக் கடற்படை துறைமுகத்தை இலங்கையிடம் கையளித்துவிட்டுப் போன பிறகு, சரக்குத் தூக்குவது, தோணி தள்ளுவது, கரைவலை இழுப்பது என்று கிடைத்ததையெல்லாம் செய்தார். சோறும் மீனும் தேங்காயும்தான் சாப்பாடு. தேத்தண்ணிக்கு மூன்று கரண்டி சீனி. எண்பது கடந்தும் நிலத்தில் சம்மணமிட்டு உட்கார்ந்து, கையூன்றாமல் எழும்புவார். அவருடைய மகள்தான் என் உம்மா. ஒரே இரத்தம், ஏறத்தாழ ஒரே சாப்பாடு. உம்மாவுக்கு 45 வயதில் சீனி வருத்தம் வந்தது.

ஒரு குடும்பத்தின் கதையை வைத்து விஞ்ஞானம் பேசக்கூடாது. ஆனால் இதே கேள்வியைத் துறைமுகத் தொழிலாளரை வைத்தே ஆராய்ந்தவர் ஒருவர் இருக்கிறார். அமெரிக்காவின் ரால்ஃப் பாஃபன்பார்கர் என்ற வைத்தியர் சான் பிரான்சிஸ்கோ துறைமுகத்தின் 6,351 தொழிலாளர்களை 22 வருடங்கள் பின்தொடர்ந்தார். எல்லோரும் ஒரே துறைமுகத்தில், ஒரே தொழிற்சங்கத்தில் இருந்தவர்கள். சிலர் மூட்டை சுமந்தார்கள், சிலர் உட்கார்ந்து கணக்கெழுதினார்கள், சிலர் இடைநடுவான வேலை செய்தார்கள். 1975இல் முடிவுகள் வெளிவந்தபோது, பாரம் தூக்கியவர்களிடையே மாரடைப்பு மரணங்கள் மற்றவர்களைவிட வெகுவாகக் குறைந்திருந்தன. அதற்கும் முன்பே, 1953இல், லண்டனில் ஜெரி மொரிஸ் என்பவர் இரட்டைத் தட்டு பஸ்களை ஆராய்ந்திருந்தார். நாள் முழுக்க உட்கார்ந்திருந்த சாரதிகளைவிட, நாள் முழுக்கப் படியேறி இறங்கிய நடத்துனர்களுக்கு இதய நோய் குறைவாக இருந்தது.

மூத்தாப்பா தேகாப்பியாசம் என்று எதையும் செய்ததில்லை. அவருடைய வாழ்க்கையே அவரை அசைத்தது. நம்முடைய வாழ்க்கை நம்மை உட்கார வைக்கிறது. ஆகவே அவருக்குச் சும்மா கிடைத்ததை நாம் தேடிச் செய்ய வேண்டியிருக்கிறது. இலங்கையில் 2018, 2019 ஆண்டுகளில் நடந்த தேசிய அளவிலான ஆய்வொன்று, வயது வந்தோரில் ஐந்தில் ஒருவருக்கும் மேல் நீரிழிவு இருப்பதாகக் காட்டியது. உங்கள் வீட்டில் பெரியவர்களை எண்ணிப் பாருங்கள். கணக்குச் சரியாக வரும்.

இனி என் சாட்டுகளுக்கு வருகிறேன்.

வீட்டு வேலையே போதும் என்பது கொஞ்சம் சரி, கொஞ்சம் பிழை. உலக சுகாதார நிறுவனம் வீட்டு வேலையையும் உடலுழைப்பாகத்தான் கணக்கிடுகிறது. ஆனால் ஒரு நிபந்தனை உண்டு: மூச்சு கொஞ்சம் கூட வேண்டும். பேச முடிய வேண்டும், பாட முடியக்கூடாது. மிதமான உழைப்பு என்பதற்கு இதுதான் எளிய அளவுகோல். வளவு முழுவதும் கூட்டினால், கிணற்றில் தண்ணீர் அள்ளினால், உரலில் மா இடித்தால் அந்த அளவு வரும். நாம் இப்போது மோட்டாரைப் போடுகிறோம், மாவைப் பைக்கற்றில் வாங்குகிறோம். அடுப்படியில் மூன்று மணித்தியாலம் நின்றால் கால் உளையும், களைப்பு வரும். ஆனால் மூச்சு கூடுவதில்லை. களைப்பையும் பயிற்சியையும் நாம் ஒன்றென்று எண்ணிவிடுகிறோம். நான் பத்து வருடங்கள் அப்படித்தான் எண்ணியிருந்தேன்.

தொழுகையைப் பற்றிய சாட்டை எழுதும்போது கை தயங்கியது. தொழுகை இபாதத், அதை உடற்பயிற்சிக் கணக்கில் சேர்ப்பதே எனக்குச் சரியாகப் படவில்லை. குனிவதும் நிமிர்வதும் மூட்டுகளுக்கு நல்லதுதான், மறுக்கவில்லை. ஆனால் இதயத்துக்கு வேண்டிய வேகம் அதில் வராது, வரவும் கூடாது. அது நிதானமாகச் செய்ய வேண்டியது. நான் மறுபக்கமாக யோசித்தேன். உம்மா இப்போது கதிரையில் இருந்துதான் தொழுகிறார். சுஜூதில் நெற்றியை நிலத்தில் வைக்க முடியவில்லையே என்பதுதான், விரல் போனதைவிட, அவருடைய பெரிய கவலை. உம்றாவுக்கென்று சிறுகச் சிறுகச் சேர்த்த பணம் வங்கியில் இருக்கிறது. ஸஃபாவுக்கும் மர்வாவுக்கும் இடையில் ஒரு தரம் நடந்தால் ஏறத்தாழ 450 மீற்றர். ஏழு தரம் நடந்தால் மூன்று கிலோமீற்றருக்கும் மேல். பணத்தைச் சேர்த்த நாம் அதற்கான காலைச் சேர்க்கவில்லை.

வெயிலும் மழையும் நம் ஊரில் பங்கு போட்டுக்கொண்டு வருகின்றன. கச்சான் காற்று அடிக்கும் மாதங்களில் பத்து மணிக்குப் பிறகு வெளியில் நிற்க முடியாது. மார்கழியில் வாடைக் காற்றும் மழையும். நான் கண்ட வழி சாதாரணமானது: கச்சானில் சுபஹுக்குப் பிறகு, மழையில் வீட்டுக்குள். வீட்டுக்குள் என்றால் கருவிகள் வேண்டாம். கதிரையில் இருந்து கையூன்றாமல் பத்துத் தரம் எழும்பி உட்காருங்கள். சுவரில் கைகளை ஊன்றி முன்னே சாய்ந்து பத்துத் தரம் தள்ளுங்கள். நின்ற இடத்திலேயே முழங்காலை உயர்த்தி ஐந்து நிமிடம் நடவுங்கள். இதையே மூன்று தரம் சுற்றிச் செய்தால் நெற்றி வியர்க்கும். மாணவிகளுக்குக் கயிறடித்தல் இதைவிட நல்லது. மாடிப்படி உள்ள வீடுகளில் அந்தப் படியே போதும்.

முழங்கால் வலிக்கு நானாக மருத்துவம் சொல்லப்போவதில்லை. என்னுடைய வைத்தியர் சொன்னது இதுதான்: தேய்ந்த மூட்டை அசைக்காமல் வைத்திருந்தால் அதைத் தாங்கும் தொடைத் தசை மெலியும், தசை மெலிந்தால் வலி கூடும். மெதுவாகத் தொடங்கி, சமதரையில், நல்ல சப்பாத்துடன் நடக்க வேண்டும். ஆனால் நெஞ்சில் இறுக்கம், நடக்கும்போது தலைச்சுற்று, வீங்கிச் சிவந்த மூட்டு இருந்தால் அது சாட்டு அல்ல. முதலில் கிளினிக்குக்குப் போங்கள். இன்சுலின் போடுகிறவர்களும் கேட்டுவிட்டுத்தான் தொடங்க வேண்டும். சீனி வருத்தம் உள்ளவர்கள் வெறுங்காலுடன் நடக்கவே கூடாது. நடந்து வந்ததும் பாதத்தைத் திருப்பிப் பாருங்கள். எங்கள் வீட்டில் யாராவது அப்படிப் பார்த்திருந்தால் உம்மாவின் விரல் இன்று இருந்திருக்கும்.

நோன்பு முடியட்டும் என்ற சாட்டைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. நோன்பு முடிந்தால் பெருநாள், பெருநாள் முடிந்தால் கல்யாணங்கள், பிறகு தவணைப் பரீட்சை. வருடத்தில் வசதியான மாதம் என்று ஒன்று வருவதே இல்லை.

நிறை குறையவில்லை என்ற சாட்டுத்தான் படித்தவர்களையும் ஏமாற்றுகிறது. நானும் முன்பொரு தரம் ஒரு மாதம் நடந்துவிட்டு, தராசு முள் அசையவில்லை என்று விட்டவள். இங்கே சென்னையில் நடந்த ஓர் ஆய்வைச் சொல்ல வேண்டும். வைத்தியர் ஏ. ராமச்சந்திரனும் அவருடைய குழுவினரும், என்னைப் போல எல்லையில் நின்ற 531 பேரைத் தெரிவுசெய்தார்கள். ஒரு பகுதியினருக்கு வழமையான ஆலோசனை மட்டும் கொடுக்கப்பட்டது. இன்னொரு பகுதியினருக்குச் சாப்பாட்டு மாற்றமும், உட்கார்ந்து வேலை செய்கிறவர்களாயின் தினமும் குறைந்தது 30 நிமிட வேகநடையும் சொல்லப்பட்டன. மூன்று வருடக் கணக்கில், முதல் பகுதியில் 100 பேருக்கு 55 பேர் நீரிழிவு நோயாளர் ஆனார்கள். நடந்தவர்களில் அது 39 ஆகக் குறைந்தது. 2006இல் வெளியான இந்த முடிவில் என்னை ஆச்சரியப்படுத்தியது வேறொன்று. நடந்தவர்களின் நிறையில் குறிப்பிடத்தக்க மாற்றமே இல்லை. தராசு ஒன்றும் சொல்லாதபோதும் உடம்பின் உள்ளே மாற்றம் நடந்திருக்கிறது.

மாணவிகளே, இதற்கான காரணம் உங்கள் பாடப் புத்தகத்துக்கு மிக அருகில் இருக்கிறது. சாப்பிட்டதும் இரத்தத்தில் குளுக்கோசு கூடுகிறது. அதை உள்ளே எடுத்துக்கொள்ளத் தசைக் கலங்களின் வாசலை இன்சுலின் திறந்துவிட வேண்டும். நீரிழிவின் தொடக்கத்தில் அந்த வாசல் இன்சுலினுக்கு லேசில் திறப்பதில்லை. ஆனால் வேலை செய்யும் தசைக்கு வேறு வழியும் உண்டு: அது சுருங்கும்போது இன்சுலின் இல்லாமலே குளுக்கோசை உள்ளே இழுத்துக்கொள்ளும். சாப்பாட்டுக்குப் பிறகு பத்து நிமிடம் நடந்தாலே சீனி குறைவது இதனால்தான். மெலிந்தவர்களுக்கும் இது பொருந்தும். நம் தெற்காசிய உடம்புக்கு, மேலைநாட்டவரைவிடக் குறைந்த நிறையிலேயே நீரிழிவு வருகிறது. "நான் மெலிவுதானே" என்பதும் ஒரு சாட்டுத்தான். என் பட்டியலில் அது இருக்கவில்லை, காரணம் நான் மெலிவு இல்லை.

இனி மற்ற நான்கு: நேரம், ஆட்கள், இடம், பயம்.

நேரமில்லை என்று சொன்னால் உடனே ஒரு கணக்குச் சொல்வார்கள். ஒரு கிழமையில் 10,080 நிமிடங்கள் இருக்கின்றன, வயது வந்தவர்களுக்கு உலக சுகாதார நிறுவனம் கேட்பது குறைந்தது 150 நிமிடங்கள்தான் என்று. கணக்கு சரி. நானும் என் நேரத்தைக் குறித்துப் பார்த்தேன். தொலைபேசியில் நாளொன்றுக்கு ஒரு மணித்தியாலத்துக்கு மேல் போயிருந்தது. கண்டுபிடித்துவிட்டேன் என்று நினைத்தேன். ஆனால் அந்த ஒரு மணித்தியாலம் இரவு ஒன்பதரைக்குப் பிறகு, எல்லோரும் படுத்த பின், கட்டிலில் விழுந்து கிடந்த நேரம். அதை எடுத்துக் காலை ஐந்தரைக்கு மாற்ற முடியாது. எனக்கு வேண்டியது ஐந்தரைக்கும் ஆறுக்கும் இடைப்பட்ட அரை மணி. அந்த அரை மணியில்தான் காலைச் சாப்பாடும், மூன்று பிள்ளைகளின் சாப்பாட்டுப் பெட்டியும், உம்மாவின் மருந்தும்.

ஆகவே கொப்பியை என் கணவரிடம் காட்டினேன். அவர் வாசித்துவிட்டு ஒன்றும் பேசவில்லை. மறுநாள் காலையில் தேங்காய் திருவும் சத்தம் கேட்டு எழும்பினேன். இப்போது கிழமைக்கு இரண்டு நாள் கடையில் இடியப்பம் வருகிறது, மூன்று நாள் அவரும் மூத்த மகனும் அடுப்படியைப் பார்க்கிறார்கள். மகனின் சம்பலில் உப்பு இன்னும் சரிவரவில்லை. நேரத்தைத் தேடிக்கொள்ளுங்கள் என்று பெண்களுக்கு அறிவுரை சொல்வது சுலபம். என் அரை மணி எனக்குத் தேடிக் கிடைக்கவில்லை. ஒருவர் தந்ததால் கிடைத்தது. இதை வாசிக்கும் வாப்பாமார் இந்த இடத்தை இன்னொரு தரம் வாசிக்க வேண்டும்.

அரை மணியாகச் சேர்ந்து கிடைக்காதவர்களுக்கும் வழி உண்டு. முன்பெல்லாம் ஒரே மூச்சில் குறைந்தது பத்து நிமிடம் செய்தால்தான் கணக்கில் சேரும் என்றிருந்தது. 2020இல் உலக சுகாதார நிறுவனம் அந்த நிபந்தனையை எடுத்துவிட்டது. ஐந்து நிமிடம் வேகமாகச் சந்திக்கடைக்குப் போய் வந்தாலும் கணக்குத்தான்.

ஆட்கள் என்ன சொல்வார்கள் என்பது எனக்கு மிகவும் கடினமாக இருந்த சாட்டு. கல்யாணமான பெண், அதுவும் டீச்சர், காலங்காத்தாலே கைவீசி நடந்து போனால் பார்க்கிறவர்கள் ஏதும் சொல்வார்களோ? முதல் நாள் சொன்னார்கள்தான். "எங்க டீச்சர், இந்த நேரத்துல? வீட்ட ஏதும் பிரச்சினையா?" என்று பால் வாங்கப் போன ஒருவர் நின்று கேட்டார். அபாயாவும் சப்பாத்துமாக நின்ற நான், "சீனி வருத்தம் வரப்போகுதாம், துரத்திட்டுப் போறன்" என்றேன். அவர் சிரித்துவிட்டுப் போய்விட்டார். இரண்டு கிழமைக்குப் பிறகு அவருடைய மனைவி எங்களோடு நடக்க வந்தார். இப்போது நாங்கள் நான்கு பேர். நான்கு பேர் என்றதும் பயம் என்ற சாட்டும் சேர்ந்து போய்விட்டது. உட்துறைமுக வீதியால் போனால் இடப்பக்கம் கண்ணாடிபோலக் கடல், சில நாட்களில் புள்ளிமான்கள் வீதியைக் கடந்து நின்று பார்க்கும். இந்த ஊரில் பிறந்து இத்தனை வருடமும் அந்த நேரத்துத் துறைமுகத்தை நான் பார்த்ததே இல்லை.

மார்க்கத்தைக் காட்டித் தடுப்பவர்களுக்கு ஒரு சம்பவம். ஒரு பயணத்தின்போது நபி (ஸல்) அவர்கள் கூட வந்தவர்களை முன்னே போகச் சொல்லிவிட்டு, அன்னை ஆயிஷா (ரழி) அவர்களோடு ஓட்டப் பந்தயம் ஓடினார்கள் என்று ஹதீஸ் நூல்களில் வருகிறது. அன்னையவர்கள் வென்றார்கள். பிறகொரு காலத்தில், அன்னையவர்களின் உடல் கொஞ்சம் கனத்திருந்தபோது மறுபடியும் ஓடினார்கள். அந்தத் தடவை நபியவர்கள் வென்று, அன்றைக்கு இது ஈடு என்று சிரித்துக்கொண்டார்கள். இந்தச் சம்பவத்தை நாம் அடிக்கடி சொல்கிறோம், ஆனால் மற்றவர்களை முன்னே அனுப்பியதைக் கவனிக்காமல் விட்டுவிடுகிறோம். ஒரு பெண் ஓட வேண்டும் என்றபோது, ஓடாதே என்று அவர்கள் சொல்லவில்லை. ஓடுவதற்கான தனிமையை ஏற்படுத்திக் கொடுத்தார்கள்.

இடமில்லை என்ற சாட்டும் இப்படிப்பட்டதுதான். இதற்கும் சென்னையில் ஒரு நல்ல முன்மாதிரி இருக்கிறது. அங்கே ஆசியாட் கொலனி என்ற குடியிருப்பில் வைத்தியர் வி. மோகனின் குழுவினர் நீரிழிவு ஆய்வு ஒன்றை நடத்தினார்கள். ஆய்வு நடந்த காலத்தில் விளக்கக் கூட்டங்களும் நடந்தன. நடக்கச் சொல்கிறீர்கள், எங்கே நடப்பது என்ற கேள்வி அங்கேயும் இருந்தது. குடியிருப்பாளர்கள் யாரையும் எதிர்பார்த்திருக்கவில்லை. தாங்களே பணம் சேர்த்து ஒரு பூங்காவை அமைத்தார்கள். தொடக்கத்தில் அங்கே கிழமைக்கு மூன்று தடவைக்கு மேல் பயிற்சி செய்தவர்கள் 14.2 சதவீதம். ஏழு வருடங்களின் பின் பார்த்தபோது 58.7 சதவீதம். அதே மனிதர்கள், அதே குடியிருப்பு. புதிதாக வந்தது ஒரு நடைபாதைதான்.

இதை வாசித்த பிறகு நாங்கள் நால்வரும் கல்லூரி அதிபரிடம் போனோம். சனிக்கிழமைகளில் காலை ஆறரை முதல் ஏழரை வரை மைதானத்தைத் தாய்மாருக்குத் திறந்துவிட முடியுமா என்று கேட்டோம். நாலா பக்கமும் மதில், வாயிலில் ஒரு தாய் காவல். கேட்டதற்கு மறுநாளே சம்மதம் கிடைத்தது. இவ்வளவு காலமும் நாம் கேட்காததுதான் குறை. இப்போது இருபதுக்கும் மேற்பட்டோர் வருகிறார்கள். ஒரு சனிக்கிழமை, நடந்து களைத்த பிறகு, யாரோ கோடு கீறிக் கிளித்தட்டுத் தொடங்கிவிட்டார்கள். ஐம்பது வயதுத் தாய்மார் கத்திக்கொண்டு ஓடியதை நான் வாழ்நாளில் மறக்கமாட்டேன்.

மாணவிகளைப் பற்றி ஒன்று சொல்லாமல் முடிக்க முடியாது. ஐந்து முதல் பதினேழு வயது வரையானவர்களுக்கு நாளொன்றுக்குச் சராசரியாக 60 நிமிட உடலுழைப்பு வேண்டும். உலக அளவில் 2016ஆம் ஆண்டுத் தரவுகளின்படி, 11 முதல் 17 வயது வரையான பெண் பிள்ளைகளில் 85 சதவீதத்தினர் அந்த அளவை எட்டவில்லை. ஆண் பிள்ளைகளில் 78 சதவீதம். இந்த வித்தியாசம் எங்கே தொடங்குகிறது என்று நான் வகுப்பறையிலேயே பார்க்கிறேன். எட்டாம் ஆண்டு வரை இல்ல விளையாட்டுப் போட்டியில் பறந்து திரிந்த பிள்ளை ஒன்பதாம் ஆண்டில் கடிதத்தோடு வருவாள். "பிள்ளை பெரிய பிள்ளையாகிவிட்டாள்." "கறுத்துப்போவாள்." "ரியூசன் இருக்கிறது." சாதாரண தரம் முடியட்டும் என்பார்கள். அது முடிந்தால் உயர்தரம், அது முடிந்தால் கல்யாணம். அந்தப் பிள்ளையிடம் சாட்டு எதுவும் இல்லை. சாட்டு நம்முடையது, கடிதத்தில் கையெழுத்தும் நம்முடையது.

எலும்பின் அடர்த்தியில் பெரும்பகுதி இந்த வயதில்தான் சேர்கிறது. குதிப்பதும் ஓடுவதும் எலும்புக்குப் பசளை போன்றது. மாதவிடாய் நாட்களில் முற்றாக ஓய்வெடுக்க வேண்டும் என்பதும் அவசியமில்லை. உடம்பு இடம் கொடுத்தால் லேசான நடை வலியைக் குறைக்கவே உதவும். வெளியில் அனுப்ப மனமில்லையென்றால் வளவுக்குள் ஒரு வலைப்பந்து வளையத்தைக் கட்டிக் கொடுங்கள். சுவரில் ஓர் ஆணியும் ஓர் இரும்பு வளையமும் போதும். எங்கள் வீட்டில் வாளியின் உடைந்த வளையம்.

ஆறு மாதத்தில் காட்டச் சொன்ன வைத்தியரிடம் ஒரு வருடம் கழித்துத்தான் போனேன். 104 என்று வந்தது. "இன்னும் கொஞ்சம்" என்றார். நான் எல்லையைத் தாண்டி நல்ல பக்கம் வந்துவிட்டேன் என்று சொல்ல மாட்டேன். சென்ற மாதம் கல்யாண வீடுகள் கூடி 109 ஆனது.

உம்மாவுக்கு நடை கஷ்டம். அஸருக்குப் பிறகு கதிரையில் இருந்தபடியே காலை நீட்டி மடக்குகிறார், இரண்டு தண்ணீர்ப் போத்தல்களைக் கையில் பிடித்து உயர்த்துகிறார். என் இளைய மகள் பக்கத்தில் இருந்து எண்ணுகிறாள். நேற்று பன்னிரண்டில் உம்மா நிறுத்திவிட்டு, "போதும் மகள், கை உளையுது" என்றார். அவள் அந்தப் பழைய கொப்பியைத் தேடி எடுத்து வந்து, 11க்குக் கீழே 12 என்று இலக்கம் போட்டு, "உம்மம்மாவுக்குக் கை உளையுது" என்று எழுதினாள். உம்மா கண்ணாடியை மாட்டிக்கொண்டு அதை வாசித்தார். பிறகு போத்தல்களைத் திரும்பவும் கையில் எடுத்தார்.